விளக்குமாறும் பியானோவும்: புக்கர் டி. வாஷிங்டன் தேர்ந்த பள்ளிகள்

மே மாதம் பாதி கடந்ததும் நம் தெருக்களில் ஒரு பேச்சு சுற்றத் தொடங்கும். பிள்ளையை எங்கே சேர்ப்பது? ஊர்ப் பள்ளியிலேயே விடுவதா, ஆதிதிராவிடர் நல விடுதியில் சேர்ப்பதா, நகரத்துக்கு வெளியே வயல்களுக்கு நடுவில் எழும்பியிருக்கும் தனியார் உறைவிடப் பள்ளிக்குக் கடன் வாங்கியாவது அனுப்புவதா? வேனில் போய்வருகிற பிள்ளையாக இருக்கட்டுமா, அங்கேயே தங்கிப் படிக்கட்டுமா? கட்டணம் என்ன, சாப்பாடு எப்படி, தேர்ச்சி எத்தனை விழுக்காடு என்று விசாரிக்கிறோம். ஒன்றை மட்டும் கேட்காமல் விட்டுவிடுகிறோம். அந்தப் பள்ளி நம் பிள்ளையை எவ்வளவு உயரம் வரை போக விடும்?

இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு இந்த வாரம் ஒருவருடைய வாழ்க்கையைப் பார்ப்போம். அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து, கிராமப்புறத் தனியார் உறைவிடப் பள்ளி ஒன்றில் படித்து, பிறகு அப்படி ஒரு பள்ளியைத் தாமே கட்டி எழுப்பிய கறுப்பினத் தலைவர் புக்கர் டி. வாஷிங்டன். அவர் மக்களின் வரலாறு நமக்கு அந்நியமானதன்று. ஜோதிராவ் பூலே 1873இல் வெளியிட்ட குலாம்கிரி என்ற நூலை, அடிமை முறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்கே காணிக்கையாக்கினார். அண்ணல் அம்பேத்கர் 1913இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது வாஷிங்டன் உயிரோடு இருந்தார். கறுப்பின மக்களின் கல்வி எப்படி இருக்க வேண்டும் என்று அந்த நாட்டில் பெரிய விவாதமே நடந்துகொண்டிருந்தது. அதன் ஒரு பக்கத்தில் நின்றவர் வாஷிங்டன்.

வாசல் வரை மட்டும்

வர்ஜீனியா மாநிலத்தில் ஹேல்ஸ் ஃபோர்டு என்ற சிற்றூருக்கு அருகே ஒரு பண்ணையில் 1856இல் அவர் பிறந்தார். தாய் ஜேன் அந்தப் பண்ணையின் சமையல்காரி. தந்தை யாரோ ஒரு வெள்ளையர். ஒற்றை அறைக் குடிசை, மண் தரை, கந்தல் விரிப்பு. குடும்பமாக உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்ட நினைவுகூட அவருக்கு இல்லை. பண்ணை வீட்டுப் பெண் பிள்ளை பள்ளிக்குப் போகும்போது அவளுடைய புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவது சிறுவன் புக்கருக்கு இட்ட வேலைகளில் ஒன்று. பள்ளி வாசலோடு அந்த வேலை முடிந்துவிடும். உள்ளே பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து படிப்பதை அவன் வெளியே நின்று பார்த்தான். அடிமைகளைக் கூட்டி எழுத்துச் சொல்லிக்கொடுப்பது அன்றைய வர்ஜீனியாவில் சட்டப்படி குற்றம். பள்ளித் திண்ணைக்கு வெளியே நின்று பாடம் கேட்ட பாட்டன்மார் உள்ள நமக்கு இந்த இடத்தை விளக்க வேண்டியதில்லை.

1865இல் உள்நாட்டுப் போர் முடிந்து விடுதலை வந்தது. மாற்றாந்தந்தை வேலை செய்த மேற்கு வர்ஜீனியாவின் மால்டன் என்ற ஊருக்குக் குடும்பம் இடம்பெயர்ந்தது. உப்பு காய்ச்சும் தொழில் நடந்த ஊர் அது. சிறுவனும் உப்பு உலையில் வேலைக்குப் போனான். மாற்றாந்தந்தை நிரப்பும் பீப்பாய்களுக்கு ஒதுக்கிய எண் 18. வாழ்க்கையில் அவன் முதலில் அடையாளம் கண்டுகொண்ட எழுத்து அந்த எண்தான். எழுதப் படிக்கத் தெரியாத தாய் எங்கிருந்தோ ஓர் எழுத்துப் புத்தகம் வாங்கி வந்து கொடுத்தார். ஊரில் கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியபோது மாற்றாந்தந்தை அனுப்ப மறுத்தார். கூலி போய்விடுமே என்ற கவலை. கடைசியில் ஓர் ஏற்பாடு உண்டானது. விடியற்காலையில் உலைக்குப் போய் ஒன்பது மணி வரை வேலை, பிறகு பள்ளி, பள்ளி விட்டதும் மறுபடி வேலை.

பள்ளியில் பெயர் கேட்டார்கள். மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் இரண்டு பெயர், அவனுக்கு ஒன்றுதான். அந்த இடத்திலேயே வாஷிங்டன் என்று தனக்குத் தானே ஒரு பெயரைச் சேர்த்துக்கொண்டான். நாட்டின் முதல் குடியரசுத் தலைவரின் பெயராகவும் அது இருந்தது.

துடைப்பமே நுழைவுத் தேர்வு

பிறகு நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை. ஒரு நாள் சுரங்கத்தின் இருட்டில் இரண்டு தொழிலாளிகள் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. வர்ஜீனியாவில் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று ஒரு பெரிய பள்ளி இருக்கிறதாம். அங்கேயே தங்கிப் படிக்கலாமாம். பணம் இல்லாத பிள்ளை வேலை செய்து சாப்பாட்டுச் செலவைக் கழித்துக்கொள்ளலாமாம். பள்ளியின் பெயர் ஹாம்ப்டன். எந்தத் திசையில் இருக்கிறது, எவ்வளவு தொலைவு என்று எதுவும் தெரியாமலே அங்கே போவது என்று அவன் முடிவுசெய்துவிட்டான்.

அந்தப் பள்ளி 1868இல் தொடங்கப்பட்டது. உள்நாட்டுப் போரில் கறுப்பினப் படைவீரர்களுக்குத் தலைமை தாங்கிய சாமுவேல் ஆம்ஸ்ட்ராங் என்ற வெள்ளையர் அதன் தலைவர். பணம் கொடுத்தது ஒரு கிறிஸ்தவ ஊழிய அமைப்பு. கடலோரத்துப் பழைய பண்ணை ஒன்றின்மேல் எழுந்த பள்ளி அது. படிப்போடு விவசாயமும் கைத்தொழிலும் கட்டாயம்.

1872இல், 16 வயதில், புக்கர் புறப்பட்டான். சுமார் 500 மைல் தூரம். பாதி வழியில் கைக்காசு தீர்ந்தது. வழியில் ஒரு விடுதியில் கறுப்பன் என்பதற்காகத் தங்க இடம் தரவில்லை. ரிச்மண்ட் நகரத்தில் பலகை நடைபாதைக்குக் கீழே படுத்துத் தூங்கினான். அங்கே துறைமுகத்தில் ஒரு கப்பலிலிருந்து இரும்பு இறக்கி வழிச்செலவுக்குச் சம்பாதித்தான். ஹாம்ப்டன் வாசலை அடைந்தபோது கையில் இருந்தது 50 சென்ட், அதாவது அரை டாலர்.

குளித்துப் பல நாளாகி, அழுக்குத் துணியோடு நின்ற பையனைப் பார்த்துத் தலைமை ஆசிரியைக்கு நம்பிக்கை வரவில்லை. சேர்த்துக்கொள்கிறோம் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. சில மணி நேரம் கழித்து ஒரு விளக்குமாற்றைக் கொடுத்து வகுப்பறையைக் கூட்டச் சொன்னார். அவன் மூன்று முறை கூட்டினான்; நான்கு முறை தூசி துடைத்தான். ஆசிரியை கைக்குட்டையால் மேசையையும் சுவரையும் தேய்த்துப் பார்த்தார். தூசி இல்லை. இடம் கிடைத்தது. பள்ளியைச் சுத்தம் செய்து காவல் பார்க்கும் வேலையையும் அவனுக்கே கொடுத்தார்கள். சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் மாதம் 10 டாலர். பெரும்பகுதியை உழைத்தே கழித்தான். ஆண்டுக் கட்டணம் 70 டாலரை முகம் தெரியாத ஒரு கொடையாளர் கட்டினார்.

இந்தக் கதையைப் படிக்கும்போது நமக்கு நெஞ்சில் ஏதோ உறுத்துகிறது. கூட்டிப் பெருக்குவது நம் மக்கள்மேல் சாதி சுமத்திய வேலை. நம் பிள்ளையின் கையில் ஓர் ஆசிரியர் துடைப்பத்தைக் கொடுத்தால் நாம் சும்மா இருக்க மாட்டோம், இருக்கவும் கூடாது. ஆனால் அன்றைய ஹாம்ப்டனின் மாணவர்கள் எல்லாரும் விடுதலை பெற்ற அடிமைகளும் அவர்களுடைய பிள்ளைகளும். ஒவ்வொருவரும் ஏதோ ஒரு வேலையைச் செய்தாக வேண்டும். வேலையிலிருந்து தப்பிய பிள்ளை ஒருவனும் இல்லை. எல்லார் கையிலும் துடைப்பம் இருந்தால் அதைப் பயிற்சி என்று சொல்லலாம். கலந்து படிக்கும் பள்ளியில் ஒரு தெருப் பிள்ளைகளின் கையில் மட்டும் துடைப்பம் இருந்தால் அதற்குப் பெயர் சாதி. இந்த வேறுபாட்டை மறக்காமல் மேலே படிப்போம்.

கட்டிலில் விரித்த இரண்டு துப்பட்டிகளில் எதன்மேல் படுப்பது, எதைப் போர்த்துவது என்று அவனுக்குத் தெரியவில்லை. முதல் இரவு இரண்டுக்கும் அடியில் படுத்தான். இரண்டாம் இரவு இரண்டின்மேலும் படுத்தான். மற்றப் பையன்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டான். நேரத்துக்குச் சாப்பாடு, தினசரிக் குளியல், பல் துலக்கும் தூரிகை எல்லாமே புதிது. இடம் போதாமல் ஒரு குளிர்காலம் முழுக்கக் கூடாரத்தில் தங்கியும் படித்தான். 1875இல் படிப்பை முடித்தான். தங்கிப் படிக்கும் பள்ளி பாடத்தோடு வேறு என்ன தர முடியும் என்பதை வாஷிங்டன் தம் உடம்பில் உணர்ந்தது அங்கேதான்.

கோழிக்கூட்டில் தொடங்கிய கல்லூரி

மால்டனில் சில ஆண்டுகள் ஆசிரியராக இருந்தார். பிறகு ஹாம்ப்டனுக்கே திரும்பி, பகலில் உழைத்து இரவில் படிக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கான இரவுப் பள்ளியை நடத்தினார். 1881இல் அலபாமா மாநிலத்தின் டஸ்கீகி என்ற சிற்றூரிலிருந்து ஆம்ஸ்ட்ராங்குக்குக் கடிதம் வந்தது. அங்கே கறுப்பின ஆசிரியர்களை உருவாக்க ஒரு பள்ளி தொடங்குகிறார்கள், தலைமைக்கு ஆள் வேண்டும் என்று. ஒரு வெள்ளையரைத்தான் அவர்கள் எதிர்பார்த்தார்கள். ஆம்ஸ்ட்ராங் வாஷிங்டனின் பெயரை எழுதி அனுப்பினார். அப்போது அவருக்கு 25 வயது.

இந்தப் பள்ளி வந்த கதையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது. கறுப்பின ஆண்களுக்கு அன்று அங்கே வாக்குரிமை இருந்தது. சட்டமன்றத் தேர்தலில் நின்ற ஒரு வெள்ளையர், லூயிஸ் ஆடம்ஸ் என்ற முன்னாள் அடிமையிடம் வந்து கறுப்பின மக்களின் வாக்குகளைக் கேட்டார். ஆடம்ஸ் தகர வேலை செய்யும் கைவினைஞர்; ஊரில் மதிப்புள்ளவர். வாக்குக்குப் பதிலாகத் தமக்கென்று எதையும் கேட்காமல் தம் மக்களுக்கு ஒரு பள்ளி கேட்டார். ஆசிரியர் சம்பளத்துக்கு ஆண்டுக்கு 2,000 டாலர் ஒதுக்கிச் சட்டம் நிறைவேறியது. வாக்கின் விலை தெரிந்த ஒருவரால் வந்த பள்ளி அது.

ஆனால் அரசு கொடுத்தது சம்பளம் மட்டும். நிலம் இல்லை, கட்டடம் இல்லை. வாஷிங்டன் முதலில் சுற்றியிருந்த கிராமங்களைப் பார்க்கப் போனார். அது பருத்தி விளையும் கரிசல் பூமி. மக்கள் வெள்ளையர் நிலத்தில் வாரத்துக்குப் பயிரிட்டு, விளைச்சலுக்கு முன்பே கடைக்காரரிடம் கடன்பட்டிருந்தார்கள். வீட்டு வாசல் வரை பருத்தி நட்டிருந்தது. கீரை போட ஒரு முழம் நிலம் விடவில்லை. ஒரு குடிசையில் தவணைக்கு வாங்கிய 60 டாலர் ஆர்கன் இசைப்பெட்டி இருந்தது. சாப்பாட்டு மேசையில் எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஒரு முள்கரண்டி. புத்தகத்தை மட்டும் மனப்பாடம் செய்ய வைத்துத் திருப்பி அனுப்பினால் இந்த வீடுகளில் எதுவும் மாறாது என்ற எண்ணம் அவருக்கு அங்கே உறுதிப்பட்டது.

1881 ஜூலை 4 அன்று, ஒரு தேவாலயத்தை ஒட்டிய இடிந்த கொட்டகையில், 30 மாணவர்களோடு பள்ளி திறந்தது. மழை பெய்தால் ஒரு மாணவர் எழுந்து ஆசிரியருக்குக் குடை பிடிப்பார். முதலில் இது போய்வரும் பள்ளிதான். வெளியூர் மாணவர்கள் ஊரில் ஆங்காங்கே வீடுகளில் தங்கினார்கள். சில மாதங்களில் ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட 100 ஏக்கர் பண்ணை ஒன்று 500 டாலருக்கு விலைக்கு வந்தது. ஹாம்ப்டனின் பொருளாளர் தம் சொந்தப் பணத்திலிருந்து 250 டாலர் கடன் கொடுத்தார். பண்ணையின் பெரிய வீடு ஏற்கெனவே எரிந்துபோயிருந்தது. குதிரைக் கொட்டகையையும் கோழிக்கூட்டையும் கழுவி வகுப்பறை ஆக்கினார்கள்.

பணம் திரட்டியதில் பெரும்பங்கு ஒலிவியா டேவிட்சன் என்ற ஆசிரியைக்கு உண்டு. வீடு வீடாகப் போய்ப் பலகாரம் கேட்டு வாங்கி, விருந்து நடத்தி விற்றுக் காசாக்கினார். கறுப்பின மக்கள் ஐந்து சென்ட், பத்து சென்ட் என்று கொடுத்தார்கள். வாழ்நாளின் சிறந்த பகுதியை அடிமையாகக் கழித்த ஒரு மூதாட்டி கந்தல் உடையில் கோல் ஊன்றி வந்து, சேர்த்து வைத்திருந்த ஆறு முட்டைகளைப் பள்ளிக்காகக் கொடுத்துவிட்டுப் போனார். பின்னாளில் கோடீசுவரர்கள் அள்ளிக்கொடுத்தபோதும் வாஷிங்டன் அந்த ஆறு முட்டைகளை மறக்கவில்லை.

கட்டடங்களை மாணவர்களே கட்ட வேண்டும் என்றார் அவர். செங்கல்லையும் அவர்களே சுட வேண்டும். களிமண் குழியில் முழங்கால் சேற்றில் நின்று மிதித்தார்கள். முதல் சூளை வீணானது. இரண்டாவதும் வீணானது. மூன்றாவதும் இடிந்து விழுந்தது. கையில் காசு இல்லாமல் வாஷிங்டன் தம் கடிகாரத்தை மாண்ட்கோமரி நகரத்து அடகுக்கடையில் 15 டாலருக்கு வைத்தார். கடிகாரம் திரும்பி வரவே இல்லை. நான்காவது சூளை வெந்தது. சில ஆண்டுகளில் அந்த ஊர் வெள்ளையர்கள் நல்ல செங்கல்லுக்காகக் கறுப்பினப் பள்ளியின் வாசலுக்கு வரவேண்டியதாயிற்று.

பெற்றோர் சண்டைக்கு வந்தார்கள்

இங்கே நாம் நின்று கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மாணவர்கள் வேலை செய்ய வேண்டும் என்பதைப் பெற்றோர் பலர் விரும்பவில்லை. கடிதம் எழுதினார்கள், சிலர் நேரிலேயே வந்து கேட்டார்கள். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சாட்டைக்குப் பயந்து மண் வெட்டியவர்கள் நாங்கள்; எங்கள் பிள்ளைகளும் மண் வெட்டவா பள்ளிக்கு வந்தார்கள் என்பது அவர்களின் கேள்வி. பிள்ளையின் கையில் பெரிய பெரிய புத்தகங்களைப் பார்க்க அவர்கள் ஆசைப்பட்டார்கள்.

வாஷிங்டன் அந்தப் பெற்றோரின் ஆசையை அறியாமை என்றே எண்ணினார். நாம் அப்படி எண்ணவில்லை. அந்தக் கேள்வி நியாயமான கேள்வி. தமிழ்நாட்டில் 1953இல் ராஜாஜி அரசு, பிள்ளைகள் பள்ளியில் பாதி நேரமும் பெற்றோரின் தொழிலில் மீதி நேரமும் இருக்கட்டும் என்று திட்டம் போட்டபோது நம் தாத்தாக்கள் கேட்டதும் இதையே. எதிர்ப்பு வலுத்து, காமராசர் முதலமைச்சரானதும் 1954இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. டஸ்கீகியில் பிள்ளைகள் கற்றது பெற்றோரின் குலத்தொழிலை அல்ல. செங்கல், தச்சு, அச்சு என்று புதிய தொழில்களை. அந்த வேறுபாட்டை ஒப்புக்கொள்கிறோம். ஆனாலும் உழைத்தே ஓய்ந்த ஒரு சமூகத்தின் பிள்ளைக்கு உழைப்பின் பெருமையைப் பாடமாக வைப்பவர்கள், அந்தப் பாடத்துக்கு மேலே என்ன இருக்கிறது என்றும் சொல்லியாக வேண்டும்.

விடுதியின் தொடக்க நாட்கள் கொடுமையானவை. முதல் பெரிய கட்டடத்தின் அடியில் மண்ணைத் தோண்டிச் சமையலறையும் சாப்பாட்டு அறையும் அமைத்தார்கள். மேசை இல்லை, தட்டு போதவில்லை, வேளைக்குச் சாப்பாடு இல்லை. ஒரு காலையில் உணவு கிடைக்காத மாணவி ஒருத்தி தண்ணீராவது குடிக்கலாம் என்று கிணற்றடிக்குப் போனாள். கயிறு அறுந்து கிடந்தது. இந்தப் பள்ளியில் தண்ணீர்கூடக் கிடைக்காது போலிருக்கிறது என்று அவள் வாய்விட்டு நொந்துகொண்டது வாஷிங்டன் காதில் விழுந்தது. அவர் அதை மறைக்கவில்லை. தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியே வைத்தார். பிறகு விடுதி சீரானது. கட்டணம் கட்ட வழியே இல்லாதவர்களுக்காக 1884இல் இரவுப் பள்ளி தொடங்கினார். பகலில் பத்து மணி நேரம் வேலை, இரவில் இரண்டு மணி நேரம் படிப்பு. அந்தக் கூலியைச் சேர்த்து வைத்துப் பிறகு பகல் பள்ளிக்கு மாறலாம். இன்றைய கண்ணுக்கு இது கடுமையான ஏற்பாடு. அன்றைய பருத்திக்காட்டுப் பையனுக்கு வேறு கதவு எதுவும் திறந்திருக்கவில்லை.

உயரத்துக்கு வைத்த கூரை

1895 செப்டம்பரில் அட்லாண்டா நகரத்தில் நடந்த கண்காட்சியில் வாஷிங்டன் பேசினார். தென் மாநிலத்து வெள்ளையர் நிறைந்த அவை. கறுப்பின மக்கள் அரசியல் உரிமைக்கும் சமூகச் சமத்துவத்துக்கும் இப்போது அவசரப்படத் தேவையில்லை, முதலில் தொழிலும் சொத்தும் தேடட்டும் என்ற பொருளில் அமைந்தது அந்தப் பேச்சு. வெள்ளையர் கைதட்டினார்கள். ஒரே நாளில் அவர் நாடறிந்த தலைவரானார். எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னகி 1903இல் பள்ளிக்கு 6 லட்சம் டாலர் கொடுத்தார். 1901இல் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் அவரை வெள்ளை மாளிகையில் விருந்துக்கு அழைத்தார். கறுப்பர் ஒருவர் குடியரசுத் தலைவரோடு ஒரே மேசையில் சாப்பிட்டதற்காகத் தென் மாநிலப் பத்திரிகைகள் கொதித்தன. சமத்துவம் கேட்காதவரையும் சாதி வெறி விட்டுவைப்பதில்லை.

அவர் காத்திருக்கச் சொன்ன ஆண்டுகளிலேயே உரிமைகள் பறிபோயின. அலபாமா 1901இல் எழுதிய புதிய அரசியல் சட்டம் பெரும்பாலான கறுப்பினத்தவரின் வாக்குரிமையைப் பறித்தது. லூயிஸ் ஆடம்ஸ் பள்ளி வாங்கிய அந்த வாக்கு போய்விட்டது.

எதிர்த்து நின்றவர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ். ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர். 1903இல் வெளிவந்த தம் நூலில் அவர் வாஷிங்டனை மரியாதையோடு, ஆனால் தயவு தாட்சண்யமின்றி விமர்சித்தார். வாக்குரிமை, குடியுரிமைச் சமத்துவம், திறமையுள்ள பிள்ளைகளுக்கு உயர்கல்வி ஆகிய மூன்றையும் விட்டுக்கொடுத்துவிட்டுத் தொழில் மட்டும் கற்றுப் பயனில்லை என்றார். டஸ்கீகியின் ஆசிரியர்களே உயர்கல்வி நிறுவனங்களில் படித்தவர்கள்தாமே என்றும் சுட்டிக்காட்டினார். அது உண்மை. அங்கே ஆராய்ச்சி செய்த ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் அயோவாவில் வேளாண் அறிவியலில் முதுநிலைப் பட்டம் பெற்றவர். வளாகத்தின் கட்டடங்களை வடிவமைத்த ராபர்ட் டெய்லர், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர்.

வாஷிங்டனின் இன்னொரு முகம் அவர் இறந்த பிறகு, அவருடைய கடிதங்களை ஆராய்ந்தபோது தெளிவானது. வாக்குரிமைப் பறிப்பை எதிர்த்த வழக்குகளுக்கு அவர் ரகசியமாகப் பணம் கொடுத்திருந்தார். அதே காலத்தில், தம்மை எதிர்த்த கறுப்பினத் தலைவர்களையும் பத்திரிகைகளையும் தம் செல்வாக்கால் அடக்கவும் முயன்றிருந்தார். இரண்டும் ஒரே மனிதர் செய்தவை. எதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

சொந்த மகளுக்கு என்ன பள்ளி?

இனி, நம் கேள்விக்கு மிக நெருக்கமான இடம். வாஷிங்டனின் மூத்த பிள்ளை போர்ஷியா, 1883இல் பிறந்தவர். தாய் அடுத்த ஆண்டே இறந்துவிட்டார். போர்ஷியாவுக்குப் பியானோவில் நாட்டம். டஸ்கீகியில் படித்த பிறகு அவரை மாசசூசெட்ஸ் மாநிலத்துக்கு, முதலில் வெல்லஸ்லி கல்லூரிக்கும் பிறகு பிராட்ஃபோர்டு அகாடமி என்ற தனியார் பெண்கள் உறைவிடப் பள்ளிக்கும் தந்தை அனுப்பினார். 1905இல் அங்கே படிப்பை முடித்தார் போர்ஷியா. அடுத்து, பியானோ கற்க ஜெர்மனியின் பெர்லினுக்கே போனார்.

குடிசையில் ஆர்கன் வாங்கி வைத்த குடும்பத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்ட அதே வாஷிங்டன்தான், மகள் பியானோ படிக்கக் கடல் கடந்து அனுப்பினார். இதைச் சொல்லி அவரை ஏளனம் செய்வது நம் நோக்கமன்று. வசதி வந்த ஒரு தந்தை மகளின் திறமையைப் பார்த்துப் பள்ளி தேர்ந்தார். தேர வேண்டிய முறை அதுதான். ஊரார் பிள்ளைகளுக்காகப் பேசும்போது அவர் வைத்த கூரை, தம் பிள்ளைக்குத் தேடும்போது அவர் கண்ணில் படவில்லை. நம் பிள்ளைகளின் கல்வியைப் பற்றி நமக்கு அறிவுரை சொல்ல வருகிற எவரிடமும், அவருடைய பிள்ளை எங்கே படிக்கிறது என்று பணிவோடு கேட்டுப் பார்ப்பது நல்லது.

இறுதி ஆண்டுகளில் அவர் செய்த ஒரு வேலை அந்தக் கூரையைத் தாண்டிப் பயன் தந்தது. சிகாகோ வணிகர் ஜூலியஸ் ரோசன்வால்ட் தந்த பணத்தைக் கொண்டு, தென் மாநிலக் கிராமங்களில் கறுப்பினப் பிள்ளைகள் போய்வந்து படிக்கும் சிறு பள்ளிகளை அவர் கட்டத் தொடங்கினார். ஊர் மக்களும் தங்கள் பங்குக்குப் பணமோ நிலமோ உழைப்போ தர வேண்டும் என்பது நிபந்தனை. அவர் காலத்துக்குப் பிறகும் வேலை தொடர்ந்து, 1932க்குள் கிட்டத்தட்ட 5,000 பள்ளிகள் எழுந்தன. உறைவிடப் பள்ளியில் இடம் கிடைக்காத பிள்ளைகளை எழுத்து வாசலுக்குள் கொண்டுவந்தவை அவை.

1915 நவம்பரில் நியூயார்க்கில் நோய் முற்றியது. பிறந்து வாழ்ந்த தென் மண்ணிலேயே சாக வேண்டும் என்று பிடிவாதமாக ரயிலேறி டஸ்கீகி வந்து சேர்ந்த வாஷிங்டன், 14ஆம் தேதி அதிகாலையில் இறந்தார். வயது 59. கோழிக்கூட்டில் தொடங்கிய பள்ளியில் அப்போது நூறுக்கும் மேற்பட்ட கட்டடங்களும் சுமார் 1,500 மாணவர்களும் இருந்தார்கள். இன்று அது ஒரு பல்கலைக்கழகம். டுபாய்ஸ் கேட்ட உயர்கல்வி கடைசியில் டஸ்கீகிக்குள்ளேயே வந்துவிட்டது.

நாம் கேட்க வேண்டியவை

அண்ணல் அம்பேத்கரும் கல்விப் பணியை விடுதியிலிருந்துதான் தொடங்கினார். அவர் நிறுவிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை 1925 ஜனவரியில் சோலாப்பூரில் மாணவர் விடுதி திறந்தது. தங்க இடமும் சாப்பாடும் இல்லாத பிள்ளைக்குப் பள்ளி வாசல் திறந்திருந்தும் பயனில்லை என்பது அவருக்கும் தெரியும். ஆனால் அவர் விடுதியோடு நிற்கவில்லை. 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி, 1950இல் அவுரங்காபாத்தில் இன்னொரு கல்லூரி என்று மேலே கட்டிக்கொண்டே போனார். அதே 1946இல் அவர் கடிதம் எழுதித் தொடர்புகொண்ட அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் டுபாய்ஸ் என்பதையும் நினைவில் வைப்போம்.

இந்த ஜூனில் ஊருக்கு வெளியே உள்ள ஒரு தனியார் பள்ளியைப் பார்க்கப் போகிற பெற்றோர், வண்ண விளம்பரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டாம். முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு சாதாரண நாளில் போங்கள். சமையலறைக்குள் போய்ப் பாருங்கள். குடிநீர்க் குழாயைத் திறந்து பாருங்கள். விடுதிப் பிள்ளைகளும் வேனில் வரும் பிள்ளைகளும் ஒரே பந்தியில் சாப்பிடுகிறார்களா என்று கவனியுங்கள். கழிவறையைக் கழுவுவது யார் என்று கேளுங்கள். பிள்ளைகள்தாம் என்றால், எல்லாத் தெருப் பிள்ளைகளுமா என்று அடுத்துக் கேளுங்கள். அங்கே ஏற்கெனவே படிக்கும் நம் பிள்ளை ஒன்றோடு, ஆசிரியர் பக்கத்தில் இல்லாதபோது, பத்து நிமிடம் பேசுங்கள்.

கடைசியாக, பதினொன்றாம் வகுப்பில் பாடப்பிரிவை எப்படிப் பிரிக்கிறார்கள் என்று விசாரியுங்கள். அறிவியல் பிரிவில் நம் பிள்ளைகள் எத்தனை பேர், தொழிற்பிரிவில் எத்தனை பேர், பிள்ளையின் விருப்பத்தைக் கேட்டார்களா, அவர்களே ஒதுக்கினார்களா? போன மூன்று ஆண்டுகளில் படித்து முடித்துப் போன நம் பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? இதற்குத் தலைமை ஆசிரியர் தயங்காமல் பதில் சொன்னால் சேர்க்கைப் படிவத்தை வாங்குங்கள். தயங்கினால், அடுத்த பள்ளிக்குப் பேருந்து எத்தனை மணிக்கு என்று விசாரித்துக்கொண்டு புறப்படுங்கள்.